கவிஞர் கூப்பருக்குத் துணைநின்றோர்

ஜோன் கில்பினின் குதிரைச் சவாரியைப் பள்ளியிற் படித்துச் சிரித்தவர் நம்மிடையே பலர் இருப்பர். அச்சிரிப்பைப் படைத்த வில்லியம் கூப்பர் தம் வாழ்நாளிற் பெரும் பகுதியை ஆறாத் துயரிலே கழித்தவர் என்பதை அறிந்தோர் சிலரே. அவரைத் தாங்கி நின்றவர்களை அறிந்தோர் அதனினும் சிலர்.

கூப்பர் 1731 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பேர்க்கம்ஸ்ரெட் என்னும் ஊரிற் பிறந்தார். ஆறு வயதிலே தாயை இழந்தார். சட்டம் பயின்று 1754 இல் வழக்கறிஞரானார். 1763 இல் பிரபுக்கள் சபையில் ஓர் எழுத்தர் பதவி அவரை நாடி வந்தது. அதன் பொருட்டுச் சபையின் முன் தோன்றித் தம் தகுதியை நிறுவ வேண்டும் என்ற நிலை எழுந்ததும் அவர் உள்ளம் நிலைகுலைந்தது. உயிரை மாய்க்கவும் முயன்றார்.

பித்தரைச் சங்கிலியிற் பிணித்து வேடிக்கை காட்டிய காலம் அது. கூப்பரின் நல்லூழ், அவர் சென் அல்பன்ஸ் நகரில் நதானியேல் கொற்றன் என்னும் வைத்தியரிடம் சேர்க்கப்பட்டார். தாமும் கவிதை இயற்றுபவரான கொற்றன் அவரைப் பரிவுடன் நடத்தினார். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டின் பின், 1765 இல், கூப்பர் தெளிந்து வெளிவந்தார். ஹன்ரிங்டன் என்னும் ஊரில் அன்வின் குடும்பத்தாரோடு தங்கினார். 1767 இல் அவ்வீட்டுத் தலைவர் குதிரையிலிருந்து வீழ்ந்து இறக்கவே, அவருடைய துணைவியார் மேரி அன்வினும் கூப்பரும் ஓல்னி என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தனர். ஊரார் வாய்க்கு அஞ்சாமல், கவிஞரைக் காக்கும் பொறுப்பை அந்த அம்மையார் ஏற்றுக்கொண்டார்.

1773 இல் நோய் மீண்டும் வந்தது. இறைவன் தம்மை என்றென்றைக்கும் தள்ளிவிட்டான் என்ற எண்ணம் கூப்பரைப் பற்றிக்கொண்டது. எல்லோரும் தம்மை வெறுப்பதாகவும், யாவரினும் மிகுதியாக வெறுப்பவர் மேரியே எனவும் நம்பினார். அப்போதும் மேரி அவரை விட்டு நீங்கவில்லை. ஓல்னியின் குருவானவர் ஜோன் நியூற்றன் ஓராண்டுக்கு மேலாகக் கூப்பரைத் தம் இல்லத்தில் வைத்திருந்தார். வேத நூலை நன்கு கற்ற அவருடைய தேறுதல்கள் யாவும் அந்த எண்ணத்தை அசைக்க இயலவில்லை. அறிவால் வாதாடி அகற்றத்தக்க நோயன்று அது.

வாதம் செய்யாததைச் சிறு தொழில்கள் ஒருவாறு செய்தன. 1774 இல் அயலவர் ஒருவர் கூப்பருக்கு முயற்குட்டி ஒன்றைக் கொடுத்தார். விரைவில் முயல்கள் மூன்றாயின. அவற்றுக்குத் தம் கையாலேயே கூடுகள் செய்தார், தோட்டம் அமைத்தார், படம் வரைந்தார். அவர் மனம் வெறுமையாக இருக்கலாகாது என்பதை நன்குணர்ந்த மேரி, கவிதை எழுதுமாறு தூண்டினார். பொருளையும் தாமே கூறினார். 1782 இல், ஐம்பதாம் வயதில், கூப்பரின் முதல் தனிக் கவிதை நூல் வெளிவந்தது. அவ்வாண்டே, அவர் சோர்ந்திருந்த ஒரு மாலைப் பொழுதில், ஒஸ்ரின் சீமாட்டி கில்பினின் கதையைச் சொல்ல, அது பாட்டாயிற்று. சாய்கட்டிலைப் பற்றிப் பாடுமாறு அதே அம்மையார் விளையாட்டாகக் கேட்டதிலிருந்தே 1785 இல் அவரது பெருநூலான 'த ராஸ்க்' பிறந்தது.

1787 இலும் நோய் திரும்பியது. அப்போதும் மேரியே காத்தார். பின்னர் 1791 இன் இறுதியில் மேரியைப் பக்கவாதம் தாக்கியது. காத்தவர் காக்கப்பட வேண்டியவரானார். கூப்பர் ஹோமரை மொழிபெயர்த்த கையால் அவருக்குப் பணிவிடை செய்தார். ஆயினும் அந்தப் பாரத்தை அவர் மனம் நெடுநாள் தாங்கவில்லை. 1794 இல் மன்னர் ஆண்டுக்கு முந்நூறு பவுண் உபகாரச் சம்பளம் வழங்கியபோது, அதில் மகிழும் நிலையிலும் அவர் இருக்கவில்லை.

1795 இல் தாய்வழி உறவினரான இளைஞர் ஜோன் ஜோன்சன் இருவரையும் நோர்போக்குக்கு அழைத்துச் சென்றார். நாள்தோறும் கதை நூல்களைக் கவிஞருக்கு வாசித்துக் காட்டினார். கூப்பர் அன்றாடம் கடந்து செல்லும் அறையில் ஹோமரின் நூலை வாளா வைத்துவிட்டார், வற்புறுத்தவில்லை. காலப்போக்கிற் கூப்பர் அதை எடுத்துத் தம் மொழிபெயர்ப்பைத் திருத்தத் தொடங்கினார். 1796 டிசெம்பரில் மேரி மறைந்தார். 1800 ஏப்பிரல் 25 ஆம் நாள் கூப்பரும் கண்மூடினார்.

அவர் இறுதிவரை ஆறுதல் பெற்றாரில்லை. அவ்வாறாயின் துணைநின்றோரின் உழைப்பு வீணோ? அன்று. நோயை அவர்களால் அகற்ற முடியவில்லை. நோய்க்கிடையே வாழ்வதற்கு நாட்களைப் பெற்றுக் கொடுத்தார்கள். 1763 இலே முடிந்திருக்கக்கூடிய ஒரு வாழ்வு மேலும் முப்பத்தாறு ஆண்டுகள் நீண்டது. ஆங்கிலக் கவிதை கூப்பரிடம் பெற்றவற்றுட் சிறந்தவை அந்த ஆண்டுகளில் விளைந்தவையே. நம் வீட்டிலும், பள்ளியிலும், நண்பர் குழுவிலும் வாய்திறவாது வாடும் ஆடவர் உளர். அவர்களைத் திருத்த முனைவதற்கு முன், அருகில் அமரக் கற்போமாக.