திண்டிவனத்தில் ஒரு ராத்திரி

ஆவடி ஸ்டேஷன்ல லோக்கலுக்குக் காத்துட்டு நிக்கும்போது, காட்பாடி பக்கம் நிக்காம பறக்கிற எக்ஸ்பிரஸ்களைப் பார்த்திருப்பீங்க. 1856-ல தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் ராயபுரத்துல கிளம்பி, இந்த வழியாத்தான் வாலாஜா ரோடு வரைக்கும் போச்சு. அந்த வாலாஜாவை ஒட்டி இருக்கிற ராணிப்பேட்டையில் 1870 டிசம்பர் 9-ம் தேதி பிறந்தவர் ஐடா ஸ்கடர். வேலூர் சி.எம்.சி.யை ஆரம்பிச்சவர்னு சொன்னா உடனே தெரியும் உங்களுக்கு.

எதுக்கு இந்த மாசம் இவங்களைப் பத்தின்னு கேப்பீங்க. என் அக்காவுக்கு அடுத்த மாசம் டேட் குடுத்திருக்காங்க. வளைகாப்பு முடிஞ்சு திருமுல்லைவாயில்ல எங்க வீட்லதான் இருக்கா. பிரசவம்னா பொம்பளைக்கு மறுபிறவின்னு பாட்டி ஒரு நாள் வாய் தவறிச் சொல்ல, அன்னைக்கு ராத்திரி அக்கா தூங்கவே இல்ல. பாட்டியோட அக்கா தலைப்பிரசவத்துல போயிட்டாங்கன்றது எனக்கே அதுக்கப்புறம்தான் தெரியும். அந்த வாரம் இதைப் பத்தித் தேடிப் படிக்க ஆரம்பிச்சப்போ கிடைச்சவர்தான் ஐடா.

ஸ்கடர் குடும்பம் தாத்தா காலத்திலிருந்தே டாக்டர் மிஷனரிகள். அப்பா ஜான் ஸ்கடரும் டாக்டர். ஆனால் ஐடாவுக்கு இந்த ஊரே பிடிக்கவில்லை. 1870-களின் பெரும் பஞ்சத்தில், பசியால் ஒடுங்கிய குழந்தைகளின் வாயில் ரொட்டித் துண்டு வைத்தது சின்ன வயசு ஞாபகம். அப்புறம் அமெரிக்காவில் படிப்பு. அங்கேயே கல்யாணம் பண்ணிக்கொண்டு வசதியாக இருந்துவிடலாம் என்பதுதான் அவரது திட்டம். 1890-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்தது கூட, கொஞ்ச நாள் கூட இருந்துவிட்டுத் திரும்புவதற்காகத்தான்.

அங்கே ஒரு ராத்திரி ஒரு பிராமண இளைஞர் வந்து கதவைத் தட்டினார். மனைவிக்குப் பிரசவ வலி, மருத்துவச்சியால் முடியவில்லை, வந்து பாருங்கள் என்று ஐடாவைக் கேட்டார். தான் டாக்டர் இல்லை, அப்பாதான் டாக்டர், அவரோடு நானும் வருகிறேன் என்றார் ஐடா. வேற்று ஆண் உள்ளே வருவதை அந்த வீடு ஏற்காது. இளைஞர் திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு முஸ்லிம், அதே கோரிக்கை, அதே பதில். அவரும் போய்விட்டார். மூன்றாவதாக இன்னொரு இந்து, அவரும் மேல்சாதிக்காரர். அவரும் அப்படியே. மறுநாள் காலையில் சாவு மேளம் கேட்டது. ஆள் அனுப்பி விசாரித்தபோது, மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள் என்று தெரிந்தது.

இந்த இடத்துல கொஞ்சம் நில்லுங்க. நாம இஞ்சினியரிங் பசங்க, ஒரு சிஸ்டம் ஃபெயிலானா எந்த இடத்துல ஃபெயிலாச்சுன்னுதான் முதல்ல பார்ப்போம். பிரசவ மரணத்துக்கும் அப்படி ஒரு கணக்கு இருக்கு. 1994-ல தடியஸ், மெய்ன்னு ரெண்டு ஆய்வாளர்கள் இதை மூணு தாமதமாப் பிரிச்சாங்க: வீட்ல முடிவெடுக்கிற தாமதம், போய்ச் சேர்ற தாமதம், போன இடத்துல சிகிச்சை கிடைக்கிற தாமதம். திண்டிவனத்துல மூணு கணவன்களும் முடிவெடுத்து வந்துட்டாங்க. டாக்டர் அதே ஊர்லதான் இருந்தார். குளோரோஃபார்ம், ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுக்கிறது, கிருமி வராம பாத்துக்கிறது எல்லாமே அன்னைக்கே மருத்துவத்துக்குத் தெரியும். வைத்தியம் வாசல் வரைக்கும் வந்து, உள்ளே போக முடியாம நின்னுடுச்சு. இத்தனைக்கும் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் 1875-லயே நாலு பெண்களைச் சேர்த்துக்கிச்சு. பெண்களுக்கான கோஷா ஆஸ்பத்திரி, இப்போ திருவல்லிக்கேணில இருக்கிற கஸ்தூர்பா காந்தி ஆஸ்பத்திரி, 1885-லயே வந்தாச்சு. சென்னையில் இருந்தது, 120 கிலோமீட்டர் சொச்சம் தள்ளி இருக்கிற திண்டிவனத்துக்கு வந்து சேரல. அவ்வளவுதான்.

ஐடா டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னார். 1895-ல் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரி. கடைசி வருஷத்துக்கு, அப்போதுதான் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியிருந்த கார்னெல். 1899-ல் பட்டம். ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர், இறந்துபோன தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். அதோடு 1900-ல் வேலூருக்கு வந்து சேர்ந்தார். கூட இருந்து தொழில் சொல்லித்தர வேண்டிய அப்பா அந்த வருஷமே இறந்துபோனார்.

ஆரம்பத்தில் ஜனங்கள் நம்பவில்லை. பெண் டாக்டர், அதுவும் சின்னப் பொண்ணு. வீட்டிலேயே ஒரே ஒரு கட்டில் போட்டு ஆரம்பித்தார். வேலையாளின் மனைவி சலோமிதான் நர்ஸ், கம்பவுண்டர், எல்லாம். போகப் போகக் கூட்டம் தாங்கவில்லை. முதல் இரண்டு வருஷத்தில் பார்த்த நோயாளிகள் சுமார் 5,000 பேர். 1902-ல் 40 படுக்கையோடு மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறந்தது. அங்கே நெடுநாள் அவர் ஒருவர்தான் டாக்டர்.

பெரும்பாலான டாக்டர் கதைகள் இதோட முடிஞ்சிடும். எனக்குப் பிடிச்சதே இதுக்கு அப்புறம்தான். ஒரு ஆள் எத்தனை கைராசியா இருந்தாலும் ராத்திரி மூணு கதவு தட்டினா ஒரு வீட்டுக்குத்தானே போக முடியும்? அதனால் ஐடா ஆட்களை உருவாக்கப் போனார். 1909-ல் நர்ஸ்களுக்குப் பயிற்சிப் பள்ளி. ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களுக்காகக் குடியாத்தம் ரோட்டில் மரத்தடியில் மருந்துப் பெட்டியைத் திறந்தார். முதலில் மாட்டு வண்டி, அப்புறம் ஒரு பெஜோ கார். அதைப் பார்த்து ஜனங்கள் அலறி ஓடினார்களாம். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. பெண்கள் பாஸாவது கஷ்டம், மனசு உடையாதீர்கள் என்று பெரிய அதிகாரியே முன்கூட்டி ஆறுதல் சொல்லி வைத்திருந்தார். முதல் வருஷப் பரீட்சையில் தேர்வெழுதிய எல்லாருமே பாஸ். 1922-ல் அந்த வகுப்பிலிருந்து 14 பேர் டாக்டராக வெளியே வந்தார்கள். அரியர் வெச்சிருக்கிற நண்பர்கள் இந்தப் பாராவை இன்னொரு தடவை படிக்கலாம்.

1938-ல் அரசாங்கம் டிப்ளமோ போதாது, எம்.பி.பி.எஸ். தரத்துக்கு வர வேண்டும் என்று சொன்னதும் எல்லாம் ஆட்டம் கண்டது. ஐடாவுக்கு அப்போது 67 வயசு. இரண்டாம் உலகப் போர் நடக்கும்போது அமெரிக்கா போய் ஊர் ஊராக நிதி திரட்டினார். காசு வேண்டுமானால் ஆண்களையும் சேர்க்க வேண்டும் என்ற நிலை வந்தபோது, பெண்களுக்கான கல்லூரி கைவிட்டுப் போகிறதே என்று பழைய ஆதரவாளர்கள் கோபித்துக்கொண்டார்கள். 1942-ல் எம்.பி.பி.எஸ். வந்தது, 1947-ல் ஆண்கள் வந்தார்கள். கோபப்பட்டவங்க பக்கமும் நியாயம் இருக்குன்னுதான் எனக்குத் தோணுது. ஆனா வேற வழி இருந்ததான்னும் தெரியல. ஐடா கல்யாணம் பண்ணிக்கொள்ளவே இல்லை. 1960 மே மாதம், 89 வயசில், கொடைக்கானலில் இறந்தார்.

இதையெல்லாம் அக்காகிட்ட சொன்னேன். கதை நல்லாத்தான் இருக்கு, இப்போ எப்படின்னு கேட்டா. 2018-20 கணக்குப்படி தமிழ்நாட்டுல ஒரு லட்சம் பிரசவத்துக்கு 54 தாய்மார் இறக்குறாங்க, இந்தியா முழுக்க 97. சொன்னேன். அந்த 54 பேர்ல நான் இருந்தா எனக்கு அது நூத்துக்கு நூறுதானேன்னா. எனக்குப் பதில் வரல. பயப்படாதேன்னு சொல்றது சும்மா வாய் வார்த்தையாப் பட்டுச்சு. அதனால செய்ய முடிஞ்சதை எடுத்துக்கிட்டோம். பிரசவத்துக்கு அப்புறம் வர்ற ரத்தப்போக்கு நிக்கலைன்னா சில மணி நேரத்துல உயிருக்கே ஆபத்து. அக்காவுக்கு ஓ நெகட்டிவ். மாமா பைக்ல காலை எட்டரை மணிக்கு, ராத்திரி ரெண்டு மணிக்குன்னு ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் பார்த்தாரு: காலையில 35 நிமிஷம், ராத்திரி 12. ஃபைல், ஸ்கேன் ரிப்போர்ட், ரெண்டு பழைய வேட்டி எல்லாம் ஒரே பையில, கதவுக்குப் பக்கத்துல. 108 நம்பரைப் பாட்டியும் மனப்பாடம் பண்ணிட்டாங்க.

ஓ நெகட்டிவ்ல இதுவரை ரெண்டு பேர் சரின்னு சொல்லியிருக்காங்க, ஒருத்தர் மெக்கானிக்கல் செகண்ட் இயர், இன்னொருத்தர் கேன்டீன் அண்ணன். இன்னும் ஒருத்தர் இருந்தா நல்லது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருக்கிறவங்க யாராவது இருந்தா, லைப்ரரி வாசல்ல மதியம் என்னைப் பாருங்க.