நாடகத் தலைமையாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள்

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாகப் பகுத்துப் போற்றுவது நம் மரபு. இம்மூன்றனுள் ஏட்டில் மிகக் குறைவாகத் தங்கியது நாடகமே. அடியார்க்குநல்லார் தம் உரையில் பெயர் சுட்டும் பழைய நாடக நூல்கள் பல மறைந்தொழிந்தன. கூத்து அழியவில்லை, கூத்தின் எழுத்துத்தான் அழிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், எழுத்தின்றி நடந்துகொண்டிருந்த தமிழ் மேடைக்கு மீண்டும் எழுத்தைத் தந்தவர்களுள் முதன்மையானவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். அவர் தந்த எழுத்து ஏட்டைவிட நடிகர் நாவில் நிலைபெற்றது என்பதே அவர் வரலாற்றின் தனிச்சிறப்பு. அவர் புகழுக்கு நேர்ந்த இடையூறும் அதுவே.

இளமையும் கல்வியும்

சங்கரன் என்னும் இயற்பெயருடைய சுவாமிகள், தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 7ஆம் நாள் பிறந்தார். தந்தையார் தாமோதரனார் இராமாயணப் புலவர் எனப் பாராட்டப்பெற்றவர். அவரே மகனுக்கு முதல் ஆசிரியர். பின்னர்ப் பழனி தண்டபாணி சுவாமிகளிடம் இலக்கிய இலக்கணம் பயின்றார். உடுமலை முத்துசாமிக் கவிராயர் அங்கு அவருக்கு ஒருசாலை மாணாக்கர். பதினாறு வயதிலேயே வெண்பாவும் கலித்துறையும் இயற்றும் ஆற்றல் சங்கரனாருக்கு வாய்த்திருந்தது.

கவி பாடும் இளைஞருக்கு அன்று கிடைத்த வேலை, தூத்துக்குடி உப்பு நிறுவனம் ஒன்றில் கணக்கெழுதுவது. புலவரைப் புரந்த சிற்றரசும் குறுநிலமும் ஒடுங்கிவந்த காலம் அது. பாடிப் பரிசில் பெறும் வாழ்வு முடிந்திருந்தது. எழுதி அதனால் வாழும் வாழ்வு இன்னும் தொடங்கவில்லை. இவ்விடைவெளியில் நின்ற சங்கரனார், தம் இருபத்து நான்காம் வயதில் கணக்கேட்டை விட்டு நாடக மேடையை நாடினார்.

அவரை உருவாக்கிய காலம்

சுவாமிகள் மேடையேறிய காலத்தின் இயல்பை அறிய 1891ஆம் ஆண்டு ஒன்றே போதும். பேராசிரியர் சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் அச்சேறிய ஆண்டு அது. சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கியதும் அவ்வாண்டில்தான். மனோன்மணீயம் கற்றோர் படித்து இன்புறுவதற்கான நூல். சுகுண விலாச சபையில் ஆங்கிலம் பயின்ற வழக்கறிஞரும் அலுவலரும் தம் ஓய்வு நேரத்தில் நடித்தனர். இவ்விரு வட்டங்களுக்கும் வெளியே, நாடகத்தையே பிழைப்பாகக் கொண்ட தொழில்முறைக் குழுக்கள் ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்தன. சுவாமிகள் சேர்ந்தது அக்குழுக்களில்.

புகைவண்டி வந்தபின் நாடகக் குழுக்களின் பயணம் எளிதாயிற்று. பார்சி, மராட்டிய நாடகக் குழுக்களின் வருகையால் ஓவியத் திரைகளும் ஆர்மோனியமும் தமிழ் மேடைக்கு அறிமுகமாயின. கோயில் திருவிழாவில் விடியவிடியக் கூத்துப் பார்த்த மக்கள், கொட்டகையில் கட்டணம் கொடுத்து நாடகம் பார்க்கலாயினர். ஆனால் கொட்டகை மாறிய அளவுக்கு நாடகம் மாறவில்லை. நடிகர்களுக்குக் கதை தெரியும். உரையாடலோ அவரவர் வாய்க்கு வந்தபடி அமையும். சொல்வன்மை மிக்க நடிகர் பொருந்தாத இடத்திலும் தம் திறமையைக் காட்டுவார். போட்டியும் வசையும் மேடையில் இடம்பெற்றுக் கதை நின்றுபோவதுண்டு. ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில் கடைசி வரிசை வரை சென்று சேர வல்லது பாட்டு ஒன்றே. ஆகவே குரல் வளம் ஆட்சி செய்தது, கதைக்கட்டு தளர்ந்தது.

சுவாமிகள் பாட்டைக் குறைக்கவில்லை. அதற்கு ஒழுங்கு தந்தார். வெண்பா, விருத்தம், கலித்துறை, சிந்து, கண்ணி எனத் தாம் கற்ற யாப்பு வகைகளை மேடைக்குக் கொணர்ந்து, எந்தப் பாத்திரம் எந்த நிலையில் எதைப் பாடவேண்டும் என வரையறுத்தார். குறட்பாக்களையும் நீதிநூற் கருத்துகளையும் உரையாடலில் இழைத்தார். எழுதப் படிக்க அறியாதவர் பலர் திருக்குறளை முதன்முதலாகக் கேட்டது அவர் நாடகங்களில்தான் இருக்கக்கூடும்.

வேடம் களைந்த நடிகர்

இராமுடு ஐயர், கல்யாணராமையர் ஆகியோரின் குழுவில் இரணியன், இராவணன், எமதருமன், சனீசுவரன் முதலிய கடுமையான வேடங்களைச் சுவாமிகள் தாங்கினார். அவருடைய சனீசுவரன் வேடத்தையும் எமன் வேடத்தையும் கண்டு கருவுற்ற பெண்கள் அஞ்சி உயிருக்கும் கருவுக்கும் கேடுற்றனர் என்பது நாடக உலகில் வழங்கிவரும் செய்தி. அதன்பின் அவர் வேடம் புனைவதையே விட்டுவிட்டார் என்பர். செய்தியில் மிகை எவ்வளவாயினும், அவர் நடிகர் நிலையிலிருந்து ஆசிரியர் நிலைக்கு நகர்ந்தது உறுதி. சாமி நாயுடு குழுவில் சூத்திரதாரராகவும் ஆசிரியராகவும் விளங்கினார்.

இடையில் மேடையைத் துறந்து திருத்தலப் பயணம் மேற்கொண்டார். இல்லறம் புகாத அவரைச் சுவாமிகள் என உலகம் அழைக்கலாயிற்று. புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரைத் தம் மகனாகவே ஏற்றுக்கொண்டு தாள நுட்பங்களைக் கற்பித்தார். தண்டபாணி சுவாமிகளிடம் பெற்ற யாப்பறிவும், மான்பூண்டியா பிள்ளையிடம் பெற்ற லயஞானமும் இணைந்தவிடத்து அவர் பாடல் பிறந்தது. சீர் பிரித்து அலகிடுவோர்க்கு யாப்பாகவும், கைத்தாளமிட்டுக் கேட்போர்க்கு இசையாகவும் அது ஒருங்கே நின்றது.

மீண்டும் நாடக உலகம் அவரை அழைத்தது. வள்ளி வைத்தியநாத ஐயர், அல்லி பரமேசுவர ஐயர், பி. எஸ். வேலு நாயர் ஆகியோரின் குழுக்களுக்கும் பாலாமணி அம்மையார் போன்ற பெண் கலைஞர்களின் குழுக்களுக்கும் ஆசிரியராக இருந்து நாடகங்கள் எழுதித் தந்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, அல்லி அர்ச்சுனா, கோவலன் சரித்திரம், சத்தியவான் சாவித்திரி, இலவகுசா, பிரகலாதன் என நீளும் அவர் நாடகங்கள் ஏறத்தாழ நாற்பது என்பர்.

சிறுவர் நாடகக் குழு

எழுதித் தந்தபடி பேச முதிர்ந்த நடிகர் பலர் இசையவில்லை. மேடையில் வளர்ந்த நாவு எழுத்துக்கு அடங்க மறுத்தது. இச்சிக்கலுக்குச் சுவாமிகள் கண்ட தீர்வு, இன்னும் எவ்வழக்கும் படியாத சிறுவரைப் பயிற்றுவது. 1910ஆம் ஆண்டில் சமரச சன்மார்க்க நாடக சபையை நிறுவினார். பின்னாளில் இசையால் தமிழகத்தை ஆண்ட எஸ். ஜி. கிட்டப்பா அதில் பயின்ற சிறுவர். 1918ஆம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றியது. டி. கே. எஸ். சகோதரர்கள் அதில் சேர்ந்தனர். அவர்களுள் சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு. அச்சிறுவர் அபிமன்யுவாக நடிக்கவேண்டும் என்று கருதிய சுவாமிகள், நான்கு மணி நேரம் நிகழத்தக்க அபிமன்யு சுந்தரி நாடகத்தைப் பாடலும் உரையாடலுமாக ஒரே இரவில் எழுதி முடித்தார்.

இக்குழுக்களின் வாழ்க்கை கடுமையானது. பிள்ளைகள் பெற்றோரைப் பிரிந்து ஊர் ஊராகச் சென்றனர். குரல் உடையும் பருவம் வந்ததும் பலர் மேடையை இழந்தனர். வறுமையே பெரும்பாலோரை அங்குச் சேர்த்தது. இவற்றை மறைத்து அக்காலத்தைப் பொற்காலம் எனல் பொருந்தாது. ஆயினும் எழுத்தறிவு எளிதில் எட்டாத வீட்டுப் பிள்ளைகள் வெண்பாவைப் பிழையின்றிச் சொல்லப் பழகிய பள்ளிகளாகவும் அவை விளங்கின. சுவாமிகளின் ஏடு அச்சிறுவர்களே.

சொல் ஓய்ந்த நாள்கள்

1921ஆம் ஆண்டில் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கை கால்கள் முடங்கின; வாயும் பேச்சிழந்தது. ஓரிரவில் ஒரு நாடகத்தை எழுதிய கையும், ஒரு தலைமுறையைப் பேசப் பயிற்றிய நாவும் ஒருசேர ஓய்ந்தன. அவர் பேச இயலாதிருந்த அந்நாள்களில் அவர் சொற்களை மாணவர்கள் மேடையில் பேசிக்கொண்டிருந்தனர். 1922ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 13ஆம் நாள் புதுச்சேரியில் அவர் மறைந்தார். கருவடிக்குப்பத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பெற்றது.

நிலைபேறு

ஆசிரியருக்குப் பின் மாணவர் எழுந்தனர். டி. கே. எஸ். சகோதரர்கள் 1925இல் சொந்தக் குழு அமைத்தனர். கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் இணைந்து வள்ளி திருமணத்தைப் பெரும்புகழ் பெறச் செய்தனர். பேசும்படம் வந்தபோது, மேடை பழக்கியிருந்த வள்ளி திருமணம் 1933இலும் பவளக்கொடி 1934இலும் திரைக்கதைகளாயின. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி சுவாமிகளின் பெயரைத் தாங்கியுள்ளது.

இவற்றினும் பெரிய சான்று தென்மாவட்டங்களின் ஊர்த் திருவிழாக்களில் உள்ளது. அங்கு நிகழும் ஸ்பெஷல் நாடகத்தில் ஓர் ஊரிலிருந்து வேலனும், வேறோர் ஊரிலிருந்து வள்ளியும், மற்றோர் ஊரிலிருந்து நாரதரும் வந்து சேர்வர். ஒத்திகை இல்லை, ஒருவரையொருவர் முன்பின் அறியாதிருத்தலும் உண்டு. திரை விலகியதும் வள்ளி திருமணம் விடியும்வரை தடையின்றி நிகழும். சுவாமிகள் வகுத்த காட்சிமுறையும் பாடலும் அனைவருக்கும் பொதுச் சொத்தாக இருப்பதால்தான் இது இயலுகிறது. அவர் அடக்க முயன்ற சொந்தப் பேச்சும் அங்கே இடையிடையே தலைகாட்டுகிறது. ஆயினும் அது எவ்வளவு தூரம் சென்றாலும், மீண்டு வந்து சேர்வது அவர் பாடலுக்கே.

இத்தனைக்கும் தமிழ்க் கவிதை வரலாறு எழுதுவோர் அவருக்கு ஒதுக்கும் இடம் சிறிது. நாடகப் பாட்டு என்ற ஒரு சொல்லால் அவரைக் கவிஞர் வரிசையிலிருந்து விலக்கிவிடுவது எளிதாக இருந்துவந்துள்ளது. படிப்பதற்கு எழுதியவனே கவிஞன், கேட்பதற்கு எழுதியவன் கவிஞனல்லன் என்பது முத்தமிழ் மரபுக்கே முரணான அளவுகோல். தம் பாட்டு யாருடையது என்று கேளாமலே ஊரார் அதைப் பாடுவதைவிடக் கவிஞர் ஒருவர் வேண்டக்கூடிய பேறு வேறில்லை. அப்பாட்டுக்கு உரியவர் பெயரை ஊருக்கு நினைவூட்டுவது கற்றோர் கடன்.