உலகப் படத்தை விரித்த துறவி

பூகோளம் என்றால் தேர்வில் வரைபடத்தில் இடம் குறிப்பது மட்டுமே என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் பிற நாடுகள் எங்கே இருக்கின்றன என்று அறியாமல் பெரிய தேசங்களே மயங்கி நின்றதுண்டு. அம்மயக்கத்தைத் தீர்க்க ஒரு வரைபடத்தைக் கருவியாகக் கொண்டவர் சேசு சபைத் துறவி மத்தேயு ரிச்சி அடிகளார்.

இவர் 1552-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள் இத்தாலியிலுள்ள மாச்செராத்தா நகரில் பிறந்தார். 1571-இல் உரோமையில் சேசு சபையில் சேர்ந்து, கணித மேதை கிளாவியுஸ் அடிகளிடம் கணிதமும் வானநூலும் பயின்றார். 1578-இல் கடல் கடந்து நம் நாட்டின் கோவாவுக்கு வந்தார். 1580-இல் கொச்சியில் குருப்பட்டம் பெற்றார். பின்பு 1582-இல் மக்காவ் சென்று, கடினமான சீன மொழியைப் பொறுமையுடன் கற்றார்.

1583-இல் சீனாவின் சாவோசிங் நகரில் குடியேறிய அடிகளார், தம் இல்லத்துச் சுவரில் ஓர் உலகப் படத்தைத் தொங்கவிட்டார். அதைக் கண்ட சீன அறிஞர்கள் திகைத்தனர். அவர்களுடைய படங்களில் சீனாவே ஏறக்குறைய உலகம் முழுவதையும் நிறைத்திருந்தது. மற்ற நாடுகள் ஓரத்தில் சிறு தீவுகளாகக் கிடந்தன. பரந்த உலகில் தம் நாடு ஒரு பகுதியே என்பதை ஏற்பது அவர்களுக்கு எளிதாக இல்லை.

அடிகளார் அவர்களை ஏளனம் செய்யவில்லை. ஊர்களின் பெயர்களைச் சீன எழுத்தில் பொறித்து, 1584-இல் புதிய படம் ஒன்றை வரைந்தார். அவருடைய படங்களில் சீனா நடுப்பகுதிக்கு அருகில் அமைந்தது. இதில் பொய் ஏதுமில்லை. பூமி உருண்டை, அதன் பரப்பில் எந்த நாட்டையும் படத்தின் நடுவே வைக்கலாம் அல்லவா?

அறியாமை சீனரிடம் மட்டும் இருந்ததா? இல்லை. மார்க்கோ போலோ எழுதிய கத்தாய் என்னும் நாடும் சீனாவும் வெவ்வேறு என்று ஐரோப்பியர் நம்பினர். இரண்டும் ஒன்றே என்றார் ரிச்சி அடிகள். அதைச் சோதித்தறிய, சேசு சபைச் சகோதரர் பெந்தோ தெ கோயஸ் 1602-இல் ஆக்ராவிலிருந்து தரைவழியே புறப்பட்டார். மலைகளையும் பாலைவனங்களையும் கடந்து சீன எல்லையை அடைந்த அவர், 1607-இல் அங்கேயே உயிர்நீத்தார். ரிச்சி அடிகளின் கூற்று மெய்யாயிற்று. ஓர் உண்மையை உறுதி செய்ய ஓர் உயிரே விலையாயிற்று!

1601-இல் அடிகளார் தலைநகர் பெய்ஜிங் சேர்ந்தார். மறு ஆண்டு, சீன அறிஞர் லீ சிசாவோவின் துணையுடன் ஆறு பகுதிகள் கொண்ட மாபெரும் உலகப் படம் அச்சாயிற்று. கொரியாவிலும் ஜப்பானிலும்கூட மக்கள் அதைக் கண்டு உலகை அறிந்தனர். சூ குவாங்சியுடன் இணைந்து யூக்ளிடின் வடிவ கணித நூலின் முதல் ஆறு பாகங்களையும் அடிகளார் சீனத்தில் தந்தார்.

1610 மே 11-இல் அவர் இறைவனடி சேர்ந்தார். அந்நியரான அவரை அடக்கம் செய்யப் பேரரசர் வான்லி நிலம் வழங்கினார். 2022-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார்.

நம் ஊரை மட்டும் அறிந்தால் அதுவே உலகம் என்று தோன்றும். பிறர் வாழும் இடத்தை அறியும்போது செருக்கு குறைகிறது. அவர்களும் நம் அயலார் என்னும் எண்ணம் பிறக்கிறது. ஆகவே, தோழியரே, வரைபடத்தைத் தேர்வுக்காக மட்டுமன்றி, கடவுள் படைத்த மனிதக் குடும்பத்தை அறிவதற்காகவும் விரித்துப் பார்ப்போமாக!