சோய் ஹாங் ஹீ

காரைக்காலை அடுத்துள்ள நெரவி, 1954ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள்வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த ஊர். அயலார் ஆட்சியை அறிந்த அவ்வூரார்க்குக் கொரியரின் துன்பம் எளிதில் விளங்கும். கொரிய நாடு 1910 முதல் 1945 வரை ஜப்பானியர்க்கு அடிமைப்பட்டிருந்தது. 1940 முதல் மக்கள் தம் பெயரையே ஜப்பானிய முறைக்கு மாற்றிக்கொள்ளுமாறு வற்புறுத்தப்பட்டனர். அந்நாட்டில் தோன்றி, ஒரு போர்க்கலைக்குக் கொரியப் பெயர் சூட்டியவர் சோய் ஹாங் ஹீ.

அவர் 1918ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 9ஆம் நாள் கொரியாவின் வடபகுதியில் பிறந்தார். இளமையில் நோயால் மெலிந்த உடலினர். தந்தையார் அவரை எழுத்தோவியம் பயில அனுப்பினார். அவ்வாசானே கால்வீச்சுக் கலையாகிய தைக்கியோனையும் தமக்குக் கற்பித்தாரென அவர் பின்னாளில் கூறினார். அதனை ஐயுறுவாரும் உளர். மேற்கல்விக்காக ஜப்பான் சென்றவர், ஆள்வோரின் கலையாகிய கராத்தேயையே ஊன்றிக் கற்றார். பகைவனுடையது என்பதற்காக நல்ல கலையைத் தள்ளாமை அறிவுடைமையே.

உலகப்போரில் ஜப்பானியப் படையிற் சேர்க்கப்பட்டார். கிளர்ச்சிக்குத் திட்டமிட்டாரெனப் பியாங்யாங் நகரில் சிறையிடப்பட்டார். 1945 ஆகஸ்டு 15ஆம் நாள் கொரியா விடுதலை பெற்றது. அவரும் சிறை நீங்கினார். புதிய கொரியப் படையிற் சேர்ந்து, படைத்தலைவராக உயர்ந்து, வீரர்க்குத் தம் கலையைப் பயிற்றினார்.

1955ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அக்கலை டேக்வாண்டோ எனப் பெயர் பெற்றது. முதற்சொல் காலால் தாக்குதலையும், இடைச்சொல் கைமுட்டியையும், கடைச்சொல் நெறியையும் குறிக்கும். கையும் காலும் பழகுதல் எளிது. நெறி பழகுதலே அரிது. பணிவு, நேர்மை, விடாமுயற்சி, தன்னடக்கம், தளரா ஊக்கம் ஆகியவற்றை மாணவர் முதலிற் கொள்ளவேண்டுமென அவர் விதித்தார். சிலம்பம் நன்கு கற்றவன் வீண் சண்டைக்குக் கம்பெடுப்பதில்லை என்பதைச் சோழநாட்டார் அறிவர், இதுவும் அத்தகையதே. குட்டையான உருவினராகிய அவர், உடலின் எடையைவிட அசைவின் விரைவே வலிமை தரும் என்று கற்பித்தார். மெலிந்த பிள்ளைகட்கு இஃது எத்துணை ஆறுதல்!

நாளின் மணிகளுக்கு ஒப்ப 24 அசைவுத் தொகுதிகளை வகுத்தார். அவற்றுள் ஒன்று, 1910இல் தூக்கிலிடப்பட்ட விடுதலை வீரர் ஆன் ஜுங் குன் பெயரால் அமைந்தது; அவ்வீரர் இறந்த அகவைக்கு ஏற்ப அதில் 32 அசைவுகள் உள்ளன. பயில்வோர் உடற்பயிற்சியோடு நாட்டு வரலாற்றையும் கற்றனர்.

1962இல் மலாயாவிற்குத் தூதராகச் சென்ற அவர், அங்கும் இக்கலையைப் பரப்பினார். 1966இல் உலகக் கழகம் ஒன்றை நிறுவினார். பின்னர்த் தென்கொரிய ஆட்சியாளரோடு மாறுபட்டு, 1972இல் கனடாவில் குடியேறினார். 1980இல் வடகொரியாவிற்கு இக்கலையைக் கொண்டுசென்றதனால் தென்னாட்டார் சினம் மிகுந்தது. 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் டேக்வாண்டோ பதக்கப் போட்டியாயிற்று. எனினும் அங்கு நடந்தது, சியோலில் 1973இல் அமைந்த வேறொரு கழகத்தின் முறைப்படியே.

2002ஆம் ஆண்டு சூன் திங்கள் 15ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். இளமையில் சிறையிருந்த அதே பியாங்யாங் நகரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.