நோய் விதையோடுதான் வரும்: மீன் வளர்ப்போருக்கு லூயி பாஸ்டர் வாழ்க்கை சொல்லும் பாடம்



நாய்க்கடி ஊசி என்றதும் குன்னூர் பாஸ்டர் நிறுவனம் உங்கள் நினைவுக்கு வரும். 1907-இல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்குப் பெயர் தந்தவர் லூயி பாஸ்டர். அவர் நாய்க்கடிக்கு ஊசி கண்டது 1885-இல். அதற்கு 20 ஆண்டுகள் முன்பே விவசாயிகளுக்காக ஒரு பெரிய வேலையில் இறங்கினார். மேலநீலிதநல்லூர் வட்டாரத்தில் பண்ணைக்குட்டையில் மீன்குஞ்சு விடும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான்.

பாஸ்டர் 1822 டிசம்பர் 27 அன்று பிரான்சின் டோல் என்ற ஊரில், தோல் பதனிடுபவரின் மகனாகப் பிறந்தார். படித்தது வேதியியல். அவர் காலத்தில் பிரான்சின் பட்டு விவசாயிகள் நொடிந்து போயிருந்தார்கள். 1853-இல் 2.6 கோடி கிலோவாக இருந்த பட்டுக்கூடு விளைச்சல், 1865-இல் 40 லட்சம் கிலோவாகச் சரிந்தது. மிளகுத்தூள் தூவியது போல் உடம்பில் புள்ளி விழுந்து புழுக்கள் செத்தன. நல்ல முட்டை தேடி வியாபாரிகள் நாடு நாடாகப் போனார்கள். அந்த வியாபாரத்தோடு நோயும் நாடு நாடாகப் பரவியது.

1865-இல் இந்தப் பொறுப்பு பாஸ்டரிடம் வந்தது. அதுவரை அவர் பட்டுப்புழுவைத் தொட்டதே இல்லை. பட்டு விளையும் அலே பகுதிக்குப் போய் ஆண்டுதோறும் ஆய்வு செய்தார். அந்தக் காலத்திலேயே தந்தையையும் இரண்டு மகள்களையும் பறிகொடுத்தார். 1868-இல் பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்தது. வேலையை மட்டும் விடவில்லை.

அவர் கண்ட வழி எளியது. ஒவ்வொரு தாய் அந்துப்பூச்சியையும் தனியே முட்டையிட விட வேண்டும். பிறகு அதை நசுக்கி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நோய்த்துகள் தெரிந்தால் அதன் முட்டைகளை எரித்துவிட வேண்டும். நம் பட்டு முட்டை உற்பத்தி மையங்களில் இன்றும் தாய்ப்பூச்சியைச் சோதிக்கிறார்கள். இன்னொரு நோயையும் அவர் பிரித்துக் காட்டினார். அது நெரிசலிலும் காற்றோட்டம் இல்லாத இடத்திலும் முற்றும். ஆகவே சுத்தமான முட்டையோடு நல்ல பராமரிப்பும் வேண்டும் என்றார். முட்டை வியாபாரிகள் எதிர்த்தார்கள். விளைச்சல் அவர் பக்கம் நின்றது. 1895 செப்டம்பர் 28 அன்று அவர் காலமானார்.

இனி உங்கள் குட்டைக்கு வருவோம். இன்று இறாலை வளரவிடாமல் செய்யும் ஈ.எச்.பி. கிருமி, அந்தப் பட்டுப்புழு நோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்தது. வெளிநாட்டுத் தாய் இறாலைச் சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதித்த பிறகே குஞ்சுப் பொரிப்பகத்துக்கு அனுப்புகிறார்கள். நன்னீர் மீனிலும் இதே கதைதான். 1988-இல் வடகிழக்கு மாநிலங்களில் நுழைந்த புண்நோய், சில ஆண்டுகளில் தென்மாநிலங்கள் வரை வந்து விராலையும் கெண்டையையும் தாக்கியது. குட்டைக்குள் புகுந்த நோயை விரட்டுவது கடினம். வாசலில் நிறுத்துவதே சிக்கனம்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

• பதிவு பெற்ற பண்ணையில் மட்டும் குஞ்சு வாங்குங்கள். தாய்மீன் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். விலை மலிவு என்று வண்டியில் வருவதை வாங்காதீர்கள்.

• வந்த குஞ்சுகளை லிட்டருக்கு 20 கிராம் கல் உப்பு கலந்த நீரில் ஓரிரு நிமிடம் முக்கி எடுங்கள். துவண்டால் உடனே எடுத்துவிடுங்கள்.

• இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்து, பிறகு குட்டையில் விடுங்கள். பை நீரைக் குட்டையில் ஊற்றாதீர்கள்.

• அடுத்தவர் வலையை அப்படியே இறக்காதீர்கள். கழுவி வெயிலில் நன்கு காயவிடுங்கள்.

• அளவுக்கு மீறிக் குஞ்சு விடாதீர்கள்.

• மீன் செத்து மிதந்தால் குட்டை நீரை ஓடையிலோ குளத்திலோ திறந்துவிடாதீர்கள். செத்த மீனைச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்து, மீன்வளத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். நோயை மறைத்து மீனை விற்றால், அன்று முட்டை வியாபாரிகள் செய்ததையே இன்று நாமும் செய்தவர்கள் ஆவோம்.