சிந்தாமணி ரகுநாதாச்சாரியார்

வான சாஸ்திரத்தில் நம் நாட்டின் பெயரை மேனாடறியச் செய்தவர்களுள் சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் ஒருவர். பஞ்சாங்கம் கணிப்போர் குடியிற் பிறந்த இவர், 1792-இல் நுங்கம்பாக்கத்தில் நிறுவப்பெற்ற வான ஆராய்ச்சிசாலையில் இளமையிலேயே ஊழியமேற்று, போக்சன் துரைக்கு முதல் உதவியாளராக உயர்ந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நட்சத்திரங்களின் நிலையை அளந்து குறித்தார். 1867-இல் ரெட்டிக்குலம் என்னும் தென்வான மண்டலத்தில், ஒளி கூடியுங் குறைந்தும் தோன்றும் நட்சத்திரமொன்றைக் கண்டறிந்தார். 1868-ஆம் ஆண்டின் பூரண சூரிய கிரகணத்தை வனபர்த்தியில் ஆராய்ந்தார். 1872-இல் இலண்டன் ராயல் வானசாஸ்திர சங்கம் இவரை அங்கத்தினராக ஏற்றது. இப்பெருமை பெற்ற முதல் இந்தியர் இவரே.

ஆயினும் இவரது உள்ளத்தை வருத்தியது பஞ்சாங்கமே. பழைய கணிதத்திற்கும் வானத்திற் காணும் காட்சிக்கும் வேற்றுமை மிகுந்திருந்தது. முன்னோரை இகழாது, கண்டதை மறையாது, திருக்கணித முறையைப் பரப்ப முயன்றார். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, பொதுமக்கள் அறியும்பொருட்டு உரையாடல் வடிவில் நூலெழுதி, ஆங்கிலத்திலும் நாட்டு மொழிகளிலும் வெளியிட்டார். இந்தியர் தாமே ஓர் ஆராய்ச்சிசாலை நிறுவவேண்டுமென்ற அவா நிறைவேறுமுன், 1880-இல் காலமானார்.

அவரது வழி நமக்கும் திறந்தே உளது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், நிலவில்லா இரவில் ஆற்று மணலில் நின்று நோக்குவோமாயின், வெறுங்கண்ணுக்கு ஆறாய்த் தோன்றும் கார்த்திகை, சிறிய இரட்டைக்குழல் தூரதிருஷ்டிக் கண்ணாடியில் பற்பல மீன்களாய்ப் பெருகும். பூசத்தருகே புகைபோற் கிடப்பதும் மீன்கூட்டமென விளங்கும். ஏட்டிற் படித்ததை வானத்தில் ஒத்துப்பார்க்கும் மாணவரே அப்பெரியார்க்கு உண்மையான வழித்தோன்றல்களாவர்.