அட்டவணை அறிஞர் காட்

மாணவன் ஒருவனைப் பற்றிப் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் ஏடுகள் எத்தனை! பெயரேடு, மதிப்பெண் ஏடு, கட்டண ஏடு, உதவித்தொகை ஏடு. இன்று இவை கணிப்பொறியில் அட்டவணைகளாகி, பதிவெண் என்னும் ஒரே நூலில் கோக்கப்பட்டுள்ளன. அந்நூலைப் பிடித்து இழுக்கும் உரிமை யாருக்கு? இவ்வினாவுக்கு விடை காண வழி வகுத்தவர் எட்கர் பிராங்க் காட்.

1923 ஆகஸ்ட் 19-ஆம் நாள் இங்கிலாந்தின் போர்ட்லந்துத் தீவில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் கணிதமும் வேதியியலும் பயின்றார். இரண்டாம் உலகப் போரில் விமானியாக விளங்கினார். 1948-இல் அமெரிக்கா சென்று ஐ.பி.எம். நிறுவனத்தில் சேர்ந்தார். அந்நாளில் செனட்டர் மெக்கார்த்தி, பொதுவுடைமையர் என்று பலர்மீது பழி சுமத்தி வந்தார். அதனை வெறுத்த காட் 1953-இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார். பின்னர்த் திரும்பி வந்து, நாற்பதைக் கடந்த வயதில், 1965-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். கல்விக்கு வயதேது!

செய்திகள் கணிப்பொறிக்குள் எவ்வழியில் அடுக்கப்பட்டுள்ளன என்பதை அறிந்தவரே அவற்றை எடுக்க இயலும் என்ற நிலை அன்று இருந்தது. எல்லாவற்றையும் எளிய அட்டவணைகளாக்கி, கணிதத்தின் தொடர்புக் கொள்கையால் இணைக்கலாம் என்று 1970-இல் காட் காட்டினார். பழைய முறையால் பெரும்பொருள் ஈட்டிய அவருடைய நிறுவனமே முதலில் தயங்கியது!

ஏடு எளிதானால் காவலும் வேண்டுமன்றோ? சான் ஹோசேயில் அவருடைய நிறுவனத்தார் ‘சிஸ்டம் ஆர்’ என்னும் அமைப்பை உருவாக்கினர். உரிமை வழங்கும் முறையை கிரிபித்ஸ், வேட் ஆகிய இருவரும் 1976-இல் விளக்கினர். பெயரேட்டைப் பார்க்கும் உரிமை, மதிப்பெண் ஏட்டைப் பார்க்கும் உரிமை ஆகாது. ஒவ்வோர் அட்டவணைக்கும் தனி உரிமை வேண்டும். பெற்ற உரிமையைப் பிறருக்கு வழங்கியவன் அதனை இழந்தால், அவன் வழி பெற்றவரும் இழப்பர். வேறு வழியிலும் பெற்றிருந்தாலன்றி. முழு அட்டவணையைக் காட்டாது, வேண்டிய பகுதியை மட்டும் ‘வியூ’ என்னும் சாளரத்தின் வழியே காட்டவும் இயலும். பிறருடைய அட்டவணையோடு தன் அட்டவணையைப் பிணைப்பதற்கும் பின்னாளில் தனி உரிமை வகுக்கப்பட்டது. ஏனெனில், பிணைப்பு ஏற்கப்படுகிறதா, மறுக்கப்படுகிறதா என்பதைக் கொண்டே அங்கு ஒரு பதிவெண் உண்டா, இல்லையா என்று ஒற்றறியலாம்!

1981-இல் டூரிங் விருது காட்டைத் தேடி வந்தது. 1985-இல் அவர் வகுத்த விதிகளுள் ஒன்று, செய்தியைக் கையாளும் மொழியிலேயே உரிமைக் கட்டளையும் இடம்பெற வேண்டும் என்பது. 2003 ஏப்ரல் 18-ஆம் நாள் புளோரிடாவில் மறைந்தார்.

நண்பர்களே! மொழி வேறான மாநிலத்தில் பயிலும் நம் சாதிச் சான்றும் பெற்றோர் வருமானமும் அத்தகைய அட்டவணைகளில் உறைகின்றன. நம்முள் பலர் நாளைக் கழக்கூட்டத்து டெக்னோபார்க்கில் அவற்றின் காவலராவோம். கேட்டவர்க்கெல்லாம் முழு உரிமை வழங்குவது எளிது. பணிக்கு வேண்டிய அளவே வழங்குவது அறம். அவ்வறத்தைப் போற்றுவோமாக!